ஆறு ஃபேன் இருந்தும் மூச்சு முட்டிய பெட்டி

"அண்ணா, ஆறு ஃபேன் கீதுண்ணா. இன்னும் எத்தினி மாட்டறது?"

மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் வந்த போன் இது. பேசியவர் வேலூர் சத்துவாச்சாரியில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி. உறவு இல்லை. நாலு வருஷத்துக்கு முன் சொந்தமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தபோது எது எதோடு சேரும் என்று என்னிடம் கேட்டுக் கேட்டு வாங்கியவர், அந்தப் பழக்கம். வைகாசி முகூர்த்தம் தொடங்குவதற்குள் சித்திரையில் நடந்த நாலு கல்யாணத்தை முடித்துக் கொடுத்தாக வேண்டும். ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலையை ஓட்டினால், இருபது நிமிஷத்தில் மெஷின் நொண்ட ஆரம்பிக்கிறது. சில நாள் முக்கால் மணி நேரத்தில் டப்பென்று அணைந்தே போகிறது. "அப்பால பட்டனை அமுக்குனா பத்து நிமிசம் உசுரே வர்றதில்லண்ணா" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கினேன், மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் வீணானதற்கு அதுதான் காரணம். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

பெட்டி, மேஜை, அறை

பாகங்களைக் குறை சொல்ல முடியாது. ரைசன் 5 3600 ப்ராசஸர், அதனோடு இலவசமாக வந்த குட்டைக் கூலர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, சுவர் மின்சாரத்தை மாற்றி எல்லாப் பாகத்துக்கும் கொடுக்கும் 550 வாட் எஸ்எம்பிஎஸ். ப்ராசஸர் அட்டையில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. கார்டு 170 வாட். மதர்போர்டு, ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் தனக்குள்ளேயே வீணாக்குவது எல்லாம் சேர்த்தால் ரெண்டர் ஓடும்போது அந்தப் பெட்டி ஏறக்குறைய 300 வாட் ஹீட்டர். உள்ளே போகும் மின்சாரம் வீடியோவாக மாறி பென் டிரைவில் ஏறிக்கொள்வதுபோல் தோன்றும். அப்படி இல்லை, அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது.

கேபினெட்டின் முன்பக்கம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. அதற்குப் பின்னால் வண்ண விளக்கு வைத்த மூன்று ஆர்ஜிபி ஃபேன், பின்பக்கம் ஒன்று. இந்த நாலும் கேபினெட்டோடு வந்தவை. மேலே இரண்டு, போன வருஷம் சூடு தாங்காமல் தம்பி வாங்கி மாட்டியது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயில் சீரியல் பல்பு போட்ட மாதிரி இருக்கும்.

இந்த அழகு நின்றது ஒரு கம்ப்யூட்டர் மேஜையின் இடதுபக்க அறைக்குள். நம் ஊரில் கேபினெட்டையே சிபியு என்றுதான் சொல்கிறோம். தச்சரும் "சிபியு எவ்ளோ ஒசரம்?" என்று கேட்டுத்தான் அந்த அறையை அடிப்பார். மூன்று பக்கம் ப்ளைவுட், பின்னால் வயர் போக ஒரு உள்ளங்கை அளவு ஓட்டை, முன்னால் கதவு. தூசி வரக்கூடாதாம்.

மேஜை நின்றது மொட்டை மாடி அறையில். தலைக்கு மேல் கான்கிரீட் தளம், மேற்குப் பார்த்த ஜன்னல். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கிண்டல் செய்யும் பழைய பேச்சில் மரம் இல்லாத மலையும் ஒன்று. அந்த மலைகளை நேரில் பார்த்தவர்களுக்கு இங்கே ராத்திரி பத்து மணிக்கும் சுவர் ஏன் சுடுகிறது என்று சொல்லத் தேவையில்லை. பகலெல்லாம் பாறை வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியில் கக்கும். மாடித் தளமும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஜன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலைப் பக்கத்துத் தூசி.

முதலில் அளவு

போனவுடன் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் ஆள் இல்லை நான். மீன் தொட்டிக்கு விற்கும் வயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று பையில் இருக்கும், நூற்றைம்பது ரூபாய் சாமான். அதன் நுனியை மேஜை உயரத்தில் தொங்கவிட்டேன். மதியம் மூன்று மணிக்கு அறை 38 டிகிரி.

இந்த எண்ணை எழுதி வைக்காமல் ப்ராசஸர் சூட்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. காற்றால் குளிரும் எந்தப் பாகமும் அறையைவிடக் குளிர்ச்சியாக முடியாது. அறையின் சூட்டுக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் அது நிற்கும். அந்த "இத்தனை" 50 டிகிரி என்றால், தை மாதம் காலையில் 22 டிகிரி அறையில் 72 காட்டும், எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். அதே மெஷின், அதே வேலை, மே மாதம் 38 டிகிரி அறையில் 88. "வாங்கினப்போ நல்லாத்தான் இருந்துச்சு" என்ற புகார்களில் பாதி இப்படிப்பட்டவை. தை மாதம் வாங்கிய பெட்டி கத்திரியில் பரீட்சை எழுதுகிறது.

சோதனைக்கு சினிபெஞ்ச் மாதிரி வேகம் அளக்கும் மென்பொருள் எதையும் ஓட்டவில்லை. தம்பியின் நிஜமான கல்யாண ப்ராஜெக்ட்டில் ஒரு பகுதியை அரை மணி நேரம் ரெண்டர் போட்டு, சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை விட்டு எல்லா சென்சாரையும் ஃபைலில் பதிவு செய்யச் சொன்னேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே பகுதி, அதே அரை மணி. இப்படி ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது சலிப்புதான். ஆனால் இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்துவிட்டால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

மேஜைக்குள் இருந்தபடியே முதல் ஓட்டம்: ப்ராசஸர் 95 டிகிரியில் போய் ஒட்டிக்கொண்டது. 3600க்கு அதுதான் உச்ச வரம்பு. அங்கே போனதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். 3.9 கிகாஹெர்ட்ஸில் தொடங்கியது 3.4க்கு இறங்கியிருந்தது. கார்டு 84 டிகிரி, அதுவும் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. தம்பி சொன்ன நொண்டல் இதுதான். தெர்மாமீட்டர் நுனியை மேஜை அறைக்குள், கேபினெட்டின் தலைக்கு மேல் செருகினேன். 49 டிகிரி. அதாவது மெஷினைப் பொறுத்தவரை அது இருந்த ஊர் வேலூரே இல்லை, அதைவிட 11 டிகிரி சூடான வேறு ஏதோ ஊர்.

கேபினெட்டை வெளியே இழுத்துத் தரையில் வைத்து இரண்டாவது ஓட்டம்: ப்ராசஸர் 92, கார்டு 78. ஒரு பைசா செலவில்லாமல் நொண்டல் நின்றது. பக்கவாட்டுக் கதவைக் கழற்றி மூன்றாவது: 86, 70. இந்தச் சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கதவைத் திறந்தால் சூடு பெரிதாக இறங்கினால் கேபினெட் மூச்சு விடவில்லை என்று அர்த்தம். இறங்கவில்லை என்றால் கூலரிலோ, அதற்கும் ப்ராசஸருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட்டிலோதான் கோளாறு. இங்கே இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம். கார்டு எட்டு டிகிரி இறங்கியது, ஆனால் கதவைத் திறந்த பிறகும் ப்ராசஸர் 86.

"அப்போ கதவைத் திறந்தே வெச்சிக்கலாமாண்ணா?" என்றார் தம்பி. வைக்கலாம். இரண்டு மாதத்தில் பல்லியும் தூசியும் உள்ளே குடித்தனம் வந்துவிடும்.

ஊதுபத்தி

பக்கவாட்டுக் கதவை மூடிவிட்டுத் தம்பியின் அம்மாவிடம் ஒரு ஊதுபத்தி கேட்டேன். சாமி கும்பிடப் போகிறேன் என்று நினைத்துத் தீப்பெட்டியோடு விபூதியும் கொண்டுவந்தார்கள். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, புகையும் பத்தியைப் பெட்டியைச் சுற்றி மெதுவாக நகர்த்திப் பார்த்தால் காற்று எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

முன்பக்கக் கண்ணாடியின் ஓரப் பிளவில் பத்தியைப் பிடித்தேன். மூன்று ஃபேன் பின்னால் சுற்றுகிறது, ஆனால் புகை நிதானமாக நேராக மேலே போயிற்று, நுனி மட்டும் லேசாக உள்ளே வளைந்தது. பின்பக்க ஃபேனிடம் புகை வெளியே தள்ளப்பட்டது, சரி. மேலே கொண்டுபோனதும் இரண்டு ஃபேனும் அதை வெறியோடு உள்ளே இழுத்தன. மேல் ஃபேன்களைத் தம்பி தலைகீழாக மாட்டியிருந்தார். தெரியாமல் இல்லை, "காத்து உள்ள வந்தாதானண்ணா குளிரும்" என்று வேண்டுமென்றே. ஃபேன் எந்தப் பக்கம் ஊதும் என்று தெரியவேண்டுமானால், குறுக்குச் சட்டங்கள் நடுவில் சேரும் பக்கம் பாருங்கள், காற்று அந்தப் பக்கமாகத்தான் வெளியேறும்.

இப்போது கதை புரிந்தது. முன்னால் வழி இல்லை. பின்பக்க ஃபேன் துப்பிய சூடு போக இடமின்றி மேஜை அறைக்குள் மேலேறி 49 டிகிரியில் தேங்கி நிற்கிறது. அந்தத் தேக்கத்தைத்தான் மேலிருக்கும் இரண்டு ஃபேனும் அள்ளி அள்ளித் திரும்ப உள்ளே ஊற்றுகின்றன. ஆறு ஃபேனில் இரண்டு, காசு கொடுத்து வாங்கிய எதிரிகள்.

முன்பக்கக் கண்ணாடியை ஸ்கேல் வைத்து அளந்தேன். இரண்டு ஓரத்திலும் 1 செ.மீ. பிளவு, 38 செ.மீ. உயரம். மொத்தம் 76 சதுர செ.மீ. ஒரு 120 மி.மீ. ஃபேனில் நடுக் குமிழைக் கழித்துவிட்டு இறக்கை சுற்றும் இடம் மட்டும் சுமார் 90 சதுர செ.மீ. வரும். அதாவது மூன்று ஃபேன் சேர்ந்து, ஒரு ஃபேன் அளவுகூட இல்லாத சந்து வழியாக மூச்சு விடப் பார்க்கின்றன. அந்தச் சந்தில் காற்று திரும்பி வளைந்து வேறு வரவேண்டும்.

எவ்வளவு காற்று தேவை என்பதற்கும் கணக்கு இருக்கிறது, கஷ்டமில்லை. 300 வாட் சூட்டை, உள்ளே வரும் காற்றைவிட வெளியே போகும் காற்று 10 டிகிரி மட்டும் கூடுதலாக இருக்கும்படி வெளியேற்ற, நம் மே மாதக் காற்றில் வினாடிக்குச் சுமார் 26 லிட்டர் வேண்டும். ஃபேன் அட்டையில் போடும் கணக்கில் ஏறக்குறைய 55 சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு 55 கன அடி. தடை எதுவும் இல்லாவிட்டால் இரண்டு சாதாரண ஃபேனே கொடுத்துவிடும். காற்று பாதியானால் 10 டிகிரி 20 ஆகும். இரட்டிப்பானால் 5 ஆகும், அதற்கு மேல் எத்தனை ஃபேன் போட்டாலும் மிச்சமிருப்பது அந்த 5 டிகிரிதான். ஆறாவது ஃபேனுக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது என்று இதிலிருந்து தெரியும்.

கண்ணாடியைக் கழற்றி, பக்கவாட்டுக் கதவை மூடியே வைத்து நாலாவது ஓட்டம்: ப்ராசஸர் 86, கார்டு 69. பக்கவாட்டுக் கதவைத் திறந்ததற்குச் சமம், கார்டுக்கு ஒரு டிகிரி லாபம்கூட. குற்றவாளி யார் என்று முடிவாயிற்று. கழற்றிய கண்ணாடியை அம்மா வாங்கிப் போய்த் துடைத்து, மறுநாளே மாடியில் கூழ் வடகம் பிழியப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அடுத்து மேல் ஃபேன்களைத் திருப்பி மாட்டினேன். பெரிய வித்தியாசம் வரும் என்று தம்பியிடம் ஜம்பமாகச் சொல்லியிருந்தேன். வந்தது ஒரே ஒரு டிகிரி. மேஜைக்கு வெளியே, நல்ல காற்று கிடைக்கும் இடத்தில், அவை எந்தப் பக்கம் ஊதினாலும் பெரிதாகக் கெடுக்கவில்லை. மேஜைக்குள் இருந்தபோதுதான் விஷம். முன்புறமாக இருந்த மேல் ஃபேன், உள்ளே வந்த புதுக் காற்றை ப்ராசஸரிடம் போகும் முன்பே வெளியே தள்ளியது. அதைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையை ஓவர்ஹெட் ஷீட் வெட்டி மூடினேன். முன்னால் மூன்று உள்ளே, பின்னால் ஒன்றும் மேலே பின்புறம் ஒன்றும் வெளியே. உள்ளே வருவது கொஞ்சம் அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியாகக் காற்று வெளியே கசியும், தூசியை உறிஞ்சாது.

தூசியும் பேஸ்ட்டும்

மொட்டை மாடியில் உட்கார்ந்து ப்ளோயர் பிடித்தோம். வந்தது சாதாரணத் தூசி இல்லை. சாலைத் தூசியும் துணிப் பஞ்சும் ஊதுபத்திச் சாம்பலும் சேர்ந்து, கார்டின் அலுமினியத் தகடுகளுக்கிடையே பழைய தலையணைப் பஞ்சு மாதிரி படிந்திருந்தது. தம்பி ப்ளோயரை நேராக ஃபேனில் அடித்ததும் அது விமானம்போல் கத்திக்கொண்டு சுற்றியது. உடனே நிறுத்தச் சொன்னேன். இறக்கையை விரலாலோ ஐஸ் குச்சியாலோ பிடித்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பேரிங் போகும், ஃபேனே டைனமோ மாதிரி மின்சாரம் உண்டாக்கி போர்டுக்கு அனுப்பவும் வாய்ப்புண்டு.

கூலரைக் கழற்றுவதற்கு முன் பத்து நிமிஷம் ரெண்டர் ஓட்டிச் சூடாக்கினேன். இது நான் அடிபட்டுக் கற்றது. இந்த ஏஎம்4 வகை ப்ராசஸர்களின் அடியில் 1331 ஊசிகள் உண்டு. காய்ந்த பேஸ்ட் கூலரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது நேராக மேலே இழுத்தால், பூட்டு மூடியிருக்கும்போதே ப்ராசஸர் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து கூலரோடு வந்துவிடும். என் சொந்த மெஷினில் அப்படி வந்து மூன்று ஊசி வளைந்தது. பேனா பென்சில் நுனியை ஒவ்வொன்றாக மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தியது இன்னும் கனவில் வருகிறது. சூடாக்கி, அணைத்து, ஸ்க்ரூக்களைக் குறுக்காக மாற்றி மாற்றித் தளர்த்தி, கூலரை இடமும் வலமும் திருகினால் "ச்ளக்" என்று தானாக விடும். இங்கே அப்படியே விட்டது. அடியில் பேஸ்ட் சுண்ணாம்புப் பொட்டுபோல் உதிர்ந்தது. புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்து மூடினேன்.

அதே பழைய கூலர், கண்ணாடி இல்லாத முன்பக்கம்: ப்ராசஸர் 82, கார்டு 67.

கொசுவலை

முன்பக்கத்தை அப்படியே திறந்து விட முடியாது. ஹார்டுவேர் கடையில் இரண்டு வலை வாங்கினோம். ஒன்று மிக நெருக்கமான ஸ்டீல் வலை, பார்க்க கம்பெனி சாமான் மாதிரியே இருந்தது. இன்னொன்று ஜன்னலுக்கு அடிக்கும் சாதாரண நைலான் கொசுவலை. ஸ்டீல் வலையோடு கார்டு 74க்கு ஏறியது, கண்ணாடி போட்ட நிலையில் பாதி திரும்பி வந்தாயிற்று. கொசுவலையோடு 68. தம்பிக்கு முகம் வாடிவிட்டது, ஸ்டீல் வலை அவ்வளவு அழகு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எது எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கச் சொன்னேன். வேறு பேச்சு பேசவில்லை. பழைய ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரிலிருந்து காந்தப் பட்டையை உருவி வலையின் ஓரத்தில் தைத்துவிட்டோம். இரும்புச் சட்டத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும், மாதம் ஒருமுறை பிய்த்துக் குழாயடியில் அலசலாம்.

மறுபடியும் டப்

மேஜை அறையின் பின்பக்க ப்ளைவுட்டை அறுத்து எடுத்தாயிற்று, முன்கதவும் கழன்றது. பெட்டியைத் திரும்ப வைத்து, நான் வெற்றிகரமாக வீடு திரும்பினேன். மறுநாள் மதியம் போன். "அண்ணா, அம்பது நிமிசத்துல ஆஃப் ஆயிடுச்சு."

விண்டோஸின் பதிவைப் பார்த்தால் கெர்னல்-பவர் 41. திடீரென்று மின்சாரம் போனால் வரும் வழக்கமான குறிப்பு, காரணம் எதுவும் சொல்லாது. முதலில் யூபிஎஸ் மேல் சந்தேகப்பட்டேன், 600 விஏ யூபிஎஸ்ஸுக்கு இந்த மெஷினும் மானிட்டரும் சேர்ந்தால் மூச்சு வாங்கும். யூபிஎஸ்ஸைத் தாண்டி நேராகச் சுவர் ப்ளக்கில் போட்டு ஓட்டச் சொன்னேன். மறுநாள் மறுபடியும் ஆஃப். ஒரு நாள் போயிற்று. அப்புறம் மெமரி சரியில்லையோ என்று ராத்திரி முழுக்க மெமரி டெஸ்ட். ஒன்றும் இல்லை. இன்னொரு நாள் போயிற்று.

அப்போதுதான் எச்டபிள்யூஇன்ஃபோவின் ஃபைலை எடுத்துக் கடைசி வரியைப் பார்த்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அணைந்த நொடியில் ப்ராசஸர் 83, கார்டு 68. இரண்டுமே சவுக்கியம். அப்படியென்றால் அணைத்தது இவர்கள் இல்லை. இன்னொன்றும் உறைத்தது: ப்ராசஸர் சூடானால் நொண்டும், அவ்வளவு சுலபத்தில் அணையாது. அணைந்து, பத்து நிமிஷம் பட்டனுக்கே பதில் சொல்லாமல் ஆறிய பிறகு எழுந்திருப்பது எஸ்எம்பிஎஸ்ஸின் குணம். சூடு மீறினால் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்பு நல்ல எஸ்எம்பிஎஸ்களில் உண்டு. தம்பி முதல் நாள் போனிலேயே நோயைச் சொல்லிவிட்டார், நான்தான் ஆறு ஃபேனைப் பார்த்து அசந்துபோயிருந்தேன்.

ஆனால் தரையில் வைத்துச் சோதித்தபோது ஒருமுறைகூட அணையவில்லையே? மேஜை அறையிலிருந்து பெட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் எட்டாக மடித்த ஒரு பழைய நூல் புடவை.

"ப்ளைவுட்ல கோடு விழுதுப்பா, அதான் போட்டேன். நீங்க அன்னைக்கு எடுத்துட்டுப் போனதும் மறுபடி போட்டு வெச்சேன்" என்றார்கள் அம்மா.

இந்தக் கேபினெட்டில் எஸ்எம்பிஎஸ் அடியில், தனி அறையில் இருக்கிறது. அதன் ஃபேன் கீழே பார்த்தபடி, தரைக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் இரண்டு செ.மீ. இடைவெளியிலிருந்து காற்றை இழுத்துப் பின்னால் தள்ளும். மேலே எத்தனை ஃபேன் சுற்றினாலும் இதற்குச் சம்பந்தமில்லை. 300 வாட் இழுக்கும் நேரத்தில் நாற்பது, ஐம்பது வாட் அதற்குள்ளேயே சூடாகிறது. மூக்கில் நூல் புடவை. புடவையை எடுத்தால் அதற்கு மேல் இன்னொன்று: அடிப்பக்கத் தூசி வலை. நாலு வருஷமாக யாரும் உருவிப் பார்க்காதது. உருவினால் வலை தெரியவில்லை, சாம்பல் நிறக் கம்பளி ஒன்று சட்டத்தோடு வந்தது. முழுசாக, கிழியாமல், தோசையைத் திருப்புவதுபோல் உரித்து எடுக்க முடிந்தது. சுத்தம் செய்த அன்று இதை நான் பார்க்கவே இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரியும் ஃபேன்களையே சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயமும் இதில் சேர்கிறது. பல எஸ்எம்பிஎஸ்கள் 40 டிகிரி சூழலுக்குத்தான் மதிப்பிடப்பட்டவை, நல்லவை 50. 550 வாட் என்று அட்டையில் இருப்பது அந்தச் சூட்டுக்குள்தான். 49 டிகிரி மேஜை அறையில் புடவை மேல் உட்கார்ந்திருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வலையை அலசிக் காயவைத்து மாட்டினோம். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்கவில்லை. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ப்ளோயர் காட்டியதோடு சரி. தச்சர் வெட்டிக் கொடுத்த இரண்டு அங்குல உயர மரக்கட்டைகள் இரண்டின் மேல் பெட்டியை நிறுத்தினோம். ப்ளைவுட்டில் கோடு விழாமல் கட்டைக்கு அடியில் ரப்பர். அன்றிலிருந்து அது தானாக அணையவில்லை.

கூலரும் கார்டும்

தம்பி ஏழாயிரம் ரூபாய்க்கு லிக்விட் கூலர் ஒன்று பார்த்து வைத்திருந்தார். தண்ணீர் என்றவுடன் குளிர்ச்சி என்று மனசு நினைத்துக்கொள்கிறது. அதுவும் கடைசியில் ஒரு ரேடியேட்டர் வழியாக அதே அறைக் காற்றில்தான் சூட்டைக் கொட்டுகிறது. இந்த ப்ராசஸருக்கு அது எலிக்கு யானைப் பொறி. சூட்டைக் கடத்தும் நாலு ஹீட் பைப் வைத்த உயரமான டவர் கூலர் ஒன்று ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு வந்தது. வாங்குமுன் உயரம் பார்க்க வேண்டும். கேபினெட் 160 மி.மீ. வரை இடம் கொடுத்தது, கூலர் 155. அவசரத்தில் இதைப் பார்க்காமல் வாங்கி, பக்கவாட்டுக் கண்ணாடி மூடாமல் செல்லோ டேப் ஒட்டி ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். கூலரின் ஃபேன் பின்பக்கத்தைப் பார்த்து ஊதும்படி மாட்டினோம், முன்னாலிருந்து வரும் காற்றோடு ஒரே கோட்டில். ப்ராசஸர் 76 டிகிரிக்கு வந்தது.

கார்டில் ஒரு ஸ்க்ரூவும் தொடவில்லை. கார்டின் வேகத்தை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் வோல்டேஜ் வளைகோட்டைத் திறந்து, 0.85 வோல்ட்டில் 1800 மெகாஹெர்ட்ஸ் என்று நிறுத்தி, அதற்கு மேல் போகாமல் சமதளமாக்கினேன். 170 வாட் இழுத்தது 130 பக்கம் இறங்கியது. கார்டு 63 டிகிரி. அந்த 40 வாட் பெட்டிக்குள் வராததால் ப்ராசஸரும் 74 ஆனது. கார்டுக்குக் கார்டு இது மாறும். சிலது 0.85இல் திணறி ரெண்டர் நடுவில் கவிழும், அப்போது கொஞ்சம் ஏற்றிக்கொள்ள வேண்டும். நம் ஊர் வெயிலில் இந்தக் காசில்லாத வேலையைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பது இப்போது என் கட்சி. சூட்டை வெளியே துரத்துவதைவிட உண்டாக்காமல் இருப்பது லேசு.

ஆர்ஜிபி ஃபேன்கள் நேராக எஸ்எம்பிஎஸ் வயரில் மாட்டி எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றை மாற்றவில்லை. சத்தம் இருக்கிறது, ஆனால் மாடியில் நாதஸ்வரமும் தவிலும் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு வேலை செய்பவருக்கு அது பெரிய விஷயம் இல்லை.

இதற்கிடையில் தம்பியின் அப்பா மாடித் தளத்துக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்தார், கம்ப்யூட்டருக்காக இல்லை, தூக்கத்துக்காக. மதியம் மூன்று மணிக்கு அறை 36 காட்டியது. அந்த வாரம் வெளியேயும் வெயில் கொஞ்சம் தணிந்திருந்தது, அதனால் முழுப் பெருமையையும் சுண்ணாம்புக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அறை இறங்கிய இரண்டு டிகிரியும் அப்படியே ப்ராசஸரிலும் கார்டிலும் எஸ்எஸ்டியிலும் இறங்கியது. எந்த ஃபேனும் எல்லாப் பாகத்துக்கும் ஒரே நேரத்தில் அப்படிக் கொடுக்காது.

செலவு: கூலர், தச்சர் கூலி, வலைகள், எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள். முன்பு ஒரு மணி 38 நிமிஷம் எடுத்த ரெண்டர் ஒரு மணி 10 நிமிஷத்தில் முடிகிறது. எஸ்எஸ்டி மட்டும் இன்னும் 66 டிகிரி. கார்டுக்கு நேர் அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு சின்ன அலுமினியத் தகடு வாங்கி ஒட்ட வேண்டும்.

ஆனி மாதம் அந்தப் பக்கம் போனபோது மாடி ஏறிப் பார்த்தேன். குனிந்து முதலில் பெட்டிக்கு அடியில் கை விட்டேன். கட்டைகள் இருந்தன, புடவை இல்லை, கொசுவலையும் சுத்தமாக இருந்தது. நிமிர்ந்தால் அதே நூல் புடவை, தூசி படியாமல் இருக்க, பெட்டியின் தலைமேல் அழகாக விரித்துப் போட்டிருந்தது, மேல் ஃபேன் வெளியே தள்ளும் இடத்தை முழுசாக மூடிக்கொண்டு. எடுத்து மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தேன்.